யாரும் அணைக்க வேண்டாம்

முதல் கடிதம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தது. தைனான் நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கோபம் துளியும் இல்லாத கடிதம். "நேற்று அப்டேட் ஆனது. இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே இருந்த படங்கள் ஒன்றையும் காணோம். என் மனைவி உயிரோடு இருந்தபோது எடுத்தவை. எந்தப் பொத்தானை அழுத்தினால் திரும்ப வரும் என்று சொல்ல முடியுமா?"

யுன்ரு அப்போதுதான் கடையைத் திறந்து, வாங்கிவந்த முட்டைச் சுருளைப் பிரித்து வாயில் போட்டிருந்தாள். கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது மெல்லுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் முறை வாசித்தபோது எழுந்து போய்க் குப்பைத்தொட்டியில் துப்பினாள்.

குவான்ஷான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அவளுடைய பழுதுபார்க்கும் கடை. சோற்றுக்கு அது. மற்ற நேரமெல்லாம் பதினோரு வருஷமாக மின்மினிக்கு. மின்மினி என்பது அவள் கட்டிய லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். பன்னிரண்டு, பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர்கள், புதிய விண்டோஸைத் தாங்காமல் மூச்சுவாங்கி நிற்பவை, ஜனங்கள் பழைய பேப்பரோடு சேர்த்துத் தெருவில் வைத்துவிடுபவை, அவற்றில் போட்டால் ஓடும். மொத்தமே ஒரு பாட்டு ஆல்பத்தின் அளவுதான். தேவையில்லாத ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி எறிந்து அவள் அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். உதவிக்கு ஒரே ஒருவன், ஷின்ச்சுவில் இருக்கும் போயன். கல்லூரியில் அவளுக்கு நான்கு வகுப்பு இளையவன். இருவரும் நேரில் பார்த்தது ஆறு தடவை இருக்கும்.

புதன்கிழமை மதியம்தான் மின்மினியின் புதிய பதிப்பு, ஏழு புள்ளி இரண்டை வெளியிட்டிருந்தார்கள். நினைவகம் குறைவான கம்ப்யூட்டர்களுக்கு டிஸ்கில் ஓர் ஓரத்தைத் தற்காலிக நினைவகமாக ஒதுக்கிக் கொடுக்கும் வேலையை அதில் புதிதாகச் சேர்த்திருந்தாள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும்போது அந்த ஓரத்தைத் துடைத்துத் தயார் செய்யும். நாலே நாலு வரி. அந்த நாலு வரியை இப்போது திரையில் திறந்து வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். "முதல் டிஸ்கின் இரண்டாம் பகுதி" என்று எழுதியிருந்தது. அவள் கையால் எழுதியது.

முதல் டிஸ்க் எது என்று பழைய கம்ப்யூட்டர்களுக்கு நிச்சயம் கிடையாது. ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் போதும், எழுந்திருக்கும்போது ஒரு நாள் அதை முதல் என்னும், மறுநாள் இதை முதல் என்னும். அப்படி மாறினால் துடைக்கப்படுவது ஓரம் அல்ல, ஆட்கள் தங்கள் பொருளை வைத்திருக்கும் இடம்.

அலமாரியின் அடியிலிருந்து இருப்பதிலேயே கிழட்டுக் கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டாள். அதன் உள் விசிறி இரண்டு மாதமாக ஓடவில்லை. மேஜை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்து, ஏழு புள்ளி இரண்டை ஏற்றி, பென் டிரைவைச் செருகி, அணைத்துப் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள். சரியாகவே இருந்தது. மூன்றாம் முறை போட்டபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. டிஸ்கில் எதுவும் இல்லை என்று அது சொன்னது.

வெளியே விடியற்காலையிலிருந்து மழை. தெற்கே கடலில் புயல் வந்துகொண்டிருந்தது, மாலைக்குள் கரை ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் போயனைக் கூப்பிட்டாள்.

"டவுன்லோடு பக்கத்தை மூடு. ஏழு புள்ளி ரெண்டை உடனே எடுத்துடு."

"என்னக்கா, நான் இன்னும் பல்லே தேய்க்கல."

"டிஸ்க்கை அழிக்குது போயன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாவிப்பலகை படபடவென்று ஓடியது. "மூடிட்டேன். எந்த வரி?"

அவள் சொன்னாள். அவன் வாசித்தான்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை நான் உன்னைக் கேட்டேன். பழைய மிஷின்ல ஓட்டிப் பாத்தியான்னு."

"கேட்ட."

"பாத்தேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பாக்கலயா?"

"ஃபேன் ஓடல. இன்னிக்கு மாத்தலாம் நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன். சின்ன மாத்தம்தானேன்னு... இல்ல. பாக்கல. பொய் சொன்னேன்."

போயன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, மொதல்ல எல்லாருக்கும் சொல்லுவோம்" என்று மட்டும் சொன்னான். அவன் குரல் மாறியிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் மின்மினியின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஏறியது. ஏழு புள்ளி இரண்டுக்கு மாறியவர்கள் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். யாரும் அணைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆபத்து இல்லை. அதற்குள் முந்நூற்று நாற்பது பேர் இறக்கியிருந்தார்கள். யார், எங்கே என்று தெரியாது. ஆட்களை வேவு பார்க்காது என்பது மின்மினியின் பெருமைகளில் ஒன்று. நாடு முழுக்க யாராவது ஒருவர் இந்த நிமிஷம் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் உமாஸ் ஞாபகம் வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

குவான்ஷானிலிருந்து மலைமேல் நாற்பது நிமிஷத்தில் தாலுனாஸ். புனுன் என்னும் மலைப் பழங்குடி மக்களின் ஊர். அறுபது சொச்சம் பேர், ஒரு தேவாலயம், ஊருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஓடை. எட்டு வருஷத்துக்கு முன் அந்த ஓடை வழியாகச் சேறும் பாறையும் இறங்கி வந்து இரண்டு வீடுகளைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அந்த ஊர்க்காரரான உமாஸ் மேல்வளைவில் ஓடைக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டினார். மழைமானி ஒன்று வைத்தார். கம்பி அறுந்தாலோ மழை அளவு தாண்டினாலோ தேவாலயக் கூரையில் இருக்கும் ஹார்ன் அலறும். அதை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது மின்மினி. இரண்டு வருஷத்துக்கு முன் யுன்ருவே போய்ப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த ஊருக்கு அவள் 'டீச்சர்'. உமாஸ் மாமாவுக்கு அப்டேட் எல்லாம் செய்யத் தெரியாது, தானே ஆகட்டும் என்று அமைத்தாள். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படியும் அமைத்தாள். மழைமானியின் கணக்கை எடுக்க அதில் ஒரு பென் டிரைவ் எப்போதும் செருகியே இருக்கும்.

உமாஸைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஊராட்சி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். புயல் நாளில் எல்லோரும் கூப்பிடுவார்கள்; எந்நேரமும் பேச்சில் இருந்தது. உமாஸின் தங்கை இபு, தாலுனாஸில் செவிலி. அவளைக் கூப்பிட்டாள். எடுத்தாள்.

"இபு, கம்ப்யூட்டர் ரூம்ல..."

"ஹலோ? யாரு? மழைல ஒண்ணும் கேக்கல."

"நான் யுன்ரு! கரண்ட் இருக்கா அங்க?"

"கரண்டா? போயிட்டுப் போயிட்டு வருது டீச்சர், காலைலருந்து ரெண்டு..."

அறுந்துவிட்டது. அதற்கப்புறம் தாலுனாஸின் எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண்குரல்.

யுன்ரு கடை நடுவே நின்றாள். கரண்ட் போய் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. இரண்டு தடவை. கடையில் சோதித்தது மூன்றாம் தடவைதான் அழிந்தது, அதனால் தப்பித்திருக்கலாம். தப்பிக்காமலும் இருக்கலாம். அழிந்திருந்தால் ஹார்ன் அடிக்காது. ஊர் முழுக்க, ஹார்ன் அடிக்கவில்லை, அதனால் பயமில்லை என்று உட்கார்ந்திருக்கும்.

அவள் தைரியசாலி அல்ல. ஸ்கூட்டரில் பாலம் தாண்டக்கூடப் பயப்படுவாள். போகாமல் இருக்க என்ன வழி என்று கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து சொன்னாள். எடுத்தவர் எழுதிக்கொண்டார், கீழ்ச்சாலையில் மரம் விழுந்து வண்டிகள் எல்லாம் அங்கே நிற்கின்றன, முடிந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார். எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு பென் டிரைவையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு, கடையின் நீலநிறக் குட்டி லாரியில் ஏறினாள்.

மலைச்சாலை தொடங்கும் இடத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா? மேல போகக்கூடாது. மூடச் சொல்லிட்டாங்க."

"தாலுனாஸுக்கு. அங்க எச்சரிக்கை ஹார்ன் வேலை செய்யல. அவங்களுக்கு அது தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கெடுத்தேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மழை அவர் தொப்பியிலிருந்து கயிறாக வழிந்தது. "போனா திரும்ப முடியாது. புரியுதா? பூட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் தலையாட்டினாள். அவர் கதவை ஒரு லாரி நுழையும் அளவுக்குத் திறந்தார்.

மேலே போகப் போகச் சாலையில் மண் வழிந்துகொண்டிருந்தது. தேங்காய் அளவுக் கற்கள் நடுவில் கிடந்தன. மலைப்பக்கம் பார்ப்பதா, பள்ளத்தின் பக்கம் பார்ப்பதா என்று தெரியாமல் அவள் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி ஊர்ந்தாள். ஒரு வளைவில், கண்ணுக்கு எதிரே, கைப்பந்து மைதானம் அளவு மூங்கில்தோப்பு நின்றவாக்கிலேயே வழுக்கிப் பள்ளத்துக்குள் போயிற்று. சத்தமே கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, வாந்தி எடுத்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று பின்கியரைப் போட்டாள். லாரி ஓரடி பின்னால் நகர்ந்தது. அப்படியே காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முன்கியருக்கு மாற்றினாள். ஏன் மாற்றினாள் என்று பின்னால் யார் கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை.

தாலுனாஸுக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. ஊர் நிம்மதியாக இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. தேவாலயக் கூடத்தில் பெரிய பாத்திரத்தில் துவரையும் பன்றி எலும்பும் போட்டு சூப் கொதித்தது. வீடு ஒழுகுகிறவர்கள் பாயோடு வந்திருந்தார்கள். யாரோ கிடார் தட்டினார்கள். உமாஸ் கூடத்து வாசலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கூரைத்தகட்டுக்குக் கயிறு கட்டுகிற ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான ஆள், தோள் அகலம்.

"அடடே, டீச்சர்! புயல் பாக்க டிக்கெட் எடுத்து வந்தியா?" என்று கத்தினார். "வா வா, சூப் இருக்கு. பயப்படாத. ஹார்ன் இன்னும் வாயே திறக்கல."

"மாமா, கம்ப்யூட்டர் ரூம் சாவி குடுங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. ஏணியை விட்டுவிட்டு வந்தார்.

தேவாலயத்தின் பின்னறையில் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நலமாக ஓடுவது போலவே இருக்கும். யுன்ரு திரையைப் போட்டாள். கறுப்பு. ஒரே ஒரு வரி.

"என்ன சொல்லுது?" என்றார் உமாஸ்.

"உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது." குரல் அவளுடையது போலவே இல்லை. "என் தப்பு மாமா. புதன்கிழமை நான் அனுப்பின அப்டேட் இதை அழிச்சிடுச்சு. சோதிக்காம அனுப்பிட்டேன். கரண்ட் எப்ப போச்சு?"

"காலைல பத்து மணிக்கு ஒரு தடவை. அப்புறம் பத்தரைக்கு."

"அப்ப பத்தரைலருந்து இது ஊமை."

உமாஸ் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். காலையில் அவர் கவிழ்த்துக் காலி செய்து நிமிர்த்தி வைத்த நீல டிரம் விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார்.

"பழையபடி போட எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். மூணு ஆகலாம். ப்ரோகிராம் பென் டிரைவ்ல இருக்கு. ஆனா நீங்க போன வருஷம் கம்பியை வேற இடத்துக்கு மாத்தினீங்க, மழை அளவை மாத்தினீங்க. அந்தக் கணக்கெல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சு."

"போட்டா நம்பலாமா?"

சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. நம்பலாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கைக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மலையைப் பார்க்க வேண்டியதில்லை.

"இன்னிக்கு நம்பாதீங்க" என்றாள்.

கூடத்தில் அவளே சொல்லும்படி உமாஸ் விட்டுவிட்டார். அவள் சூப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். ஹார்ன் செத்துவிட்டது. இரண்டரை மணி நேரமாக அது அடிக்காமல் இருப்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. என்னால்தான். கிடார் நின்றது. பின்னால் ஓர் இளைஞன் சிரித்தான், வேடிக்கை என்று நினைத்தான் போல. அவன் அப்பா எழுந்து, "பட்டணத்துக்காரங்களோட ஓசிச் சாமானை நம்பினா இப்படித்தான்" என்றார். யாரும் அவரை அடக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை.

இபு கரண்டியைக் கீழே வைத்தாள். "திட்டறதை மேல போய்த் திட்டலாம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்க. குழந்தைங்க மொதல்ல. போர்வை எடுத்துக்கங்க, பன்னி கோழியெல்லாம் விட்டுருங்க." பள்ளிக்கூடம் ஊருக்கு மேலே, ஓடையிலிருந்து தள்ளி, ஒரு மேட்டில் இருந்தது.

"ஓடையை யார் பாக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்பி கட்டறதுக்கு முன்னாடி யார் பாத்தாங்க? நான்தான்" என்றார் உமாஸ். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "விசில் கேட்டா யாரும் எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது."

"மாமா, நான் போறேன்" என்றாள் யுன்ரு.

"உனக்கு அங்க என்ன தெரியும்? நீ வீடு வீடாப் போ. இந்தக் கதையையே எல்லார்கிட்டயும் சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

அவள் போனாள். முழங்கால்வரை சேறு. வீடு வீடாகக் கதவைத் தட்டி, அதே வாக்கியத்தைச் சொன்னாள். ஹார்ன் வேலை செய்யவில்லை, நான்தான் கெடுத்தேன், கிளம்புங்கள். ஒன்பது வீடுகள். சிலர் கேள்வியே கேட்காமல் செருப்பை மாட்டினார்கள். கடைசி வீடு ஓடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அங்கே பன்றி வளர்க்கும் அபுஸ் என்ற பெண் நாற்காலியைப் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"ஹார்ன் அடிக்கட்டும், வர்றேன்" என்றாள்.

"அது அடிக்காது அத்தை. செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? போன புயலுக்கும் இப்படித்தான் ஓடினோம். வந்து பாத்தா ரெண்டு குட்டி செத்துக் கிடந்துச்சு. யாரு வந்து குடுத்தா?"

"நான்தான் அதைச் செஞ்சவ அத்தை. அழிச்சதும் நான்தான். உங்க கால்ல வேணா விழறேன்."

"விழு. நான் வேணாம்னா சொன்னேன்?"

அவள் விழவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஏதோ மாறியது. என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து இருவரும் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஓடையின் இரைச்சலுக்கு மேலே. இப்போது கத்த வேண்டியிருக்கவில்லை. மழை கொட்டுகிறது. ஓடையின் சத்தம் மட்டும் இல்லை.

அபுஸ் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் கண்களில் முதன்முதலாக யுன்ரு பயத்தைப் பார்த்தாள்.

"மேல எங்கயோ மண்ணு அடைச்சுக்கிச்சு, உடைச்சா மொத்தமா வரும்" என்றாள் அபுஸ் மெதுவாக.

விசில் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு விடாமல்.

எழுந்த வேகத்தில் அபுஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். யுன்ருவின் மணிக்கட்டை அவள்தான் பிடித்தாள், அவள்தான் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு வழி தெரியும். பன்றிக்கொட்டகையைச் சுற்றி, படிக்கட்டு வயல் வழியாக, வரப்பில் ஏறி ஓடினார்கள். யுன்ரு இரண்டு தடவை விழுந்தாள். ஒரு செருப்பு போயிற்று. மூக்கில் மண்வாசனை அடித்தது, புதிதாகத் தோண்டிய கிணற்றில் வருவது போல, ஆனால் நூறு மடங்கு. காலுக்குக் கீழே தரை நடுங்கியது. பின்னால் வந்த சத்தம் தண்ணீரின் சத்தமாகவே இல்லை. பாறையோடு பாறை மோதி அரைபடும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூட வாசலில் இபு தலைகளை எண்ணினாள். மூன்று தடவை எண்ணினாள். உமாஸைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

கீழே நான்கு வீடுகள் இருந்த இடத்தில் சாம்பல்நிறச் சேறு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அபுஸின் வீடு இல்லை. தேவாலயம் நின்றது, ஜன்னல்வரை சேறு. கூரையில் ஹார்ன் அப்படியே இருந்தது.

"அண்ணே!" என்று இபு கத்தினாள். மழைதான் பதில் சொன்னது. விசில் இல்லை. அடுத்த சரிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் உடனே இறங்க முடியவில்லை. ஐந்து பேர் கயிற்றோடு வாசலில் தயாராக நின்றார்கள். இபு ஒருவனையும் நகரவிடவில்லை. கூடப்பிறந்தவன் கீழே கிடக்கும்போது அவள் அப்படி நின்றதை யுன்ருவால் பார்க்க முடியவில்லை. அவள் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். ஃபேன் ஓடவில்லை, சின்ன மாற்றம்தானே, ஃபேன் ஓடவில்லை, சின்ன மாற்றம்தானே என்று அவள் உதடு சொல்லிக்கொண்டேயிருந்தது. அபுஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு போர்வையை இருவர் மேலும் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழிந்து ஓடையில் மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் இபு கையை அசைத்தாள். ஐந்து பேரும் மேல்வழியாகச் சுற்றிப் போனார்கள். மேல்வளைவுக்கு மேலே, பிளம் தோட்டத்து ஓரத்தில், விழுந்த ஒரு மரத்துக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தார் உமாஸ். விசில் வாயிலேயே இருந்தது. ஊத மூச்சில் பலம் இல்லை. வெளிச்சம் போவதற்குள் பள்ளிக்கூடத்துக் கதவு ஒன்றைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கிவந்தார்கள்.

இபு அவர் காலைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் கண்ணைத் திறந்து யுன்ருவைத் தேடினார்.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க மாமா."

"அபுஸுமா?"

"நான் இங்கதான் இருக்கேன். நீ வாயை மூடிட்டுப் படு" என்றாள் அபுஸ்.

மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்தது. உமாஸின் இடது பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

மருத்துவமனையில் அவரைப் பார்க்க யுன்ரு நான்கு நாள் கழித்துத்தான் போனாள். அதற்கு முன் போகக் கால் வரவில்லை. அவர் டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் ஆட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கோபம் இருக்கு" என்றார் கடைசியில். "இல்லன்னு சொன்னா பொய். சாயந்தரம் வலிக்கறப்ப உன்னைத்தான் நினைச்சுக்கறேன், நல்லபடியா இல்ல." பிறகு, "நீ வரலன்னா நாங்க சூப் குடிச்சிட்டு உக்காந்திருப்போம். அதுவும் இருக்கு. ரெண்டும் இருக்கு. என்ன பண்ண?" என்றார்.

அவள் பழத்தை உரித்துத் தட்டில் வைத்தாள். அவர் தின்றார்.

மின்மினியின் பக்கத்தில் அவள் எழுதிய அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. சோதித்தேன் என்று சொன்னேன், சோதிக்கவில்லை என்றே எழுதினாள். பதினேழு பேர் தங்கள் டிஸ்க் போனதாக எழுதியிருந்தார்கள். அசிங்கமாகத் திட்டியவர்களும் உண்டு. போயன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரத்தில் அவன் என்ன செய்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தைனானுக்கு ரயிலேறிப் போய், தபால்காரர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, அழிந்த படங்களில் பாதிக்கு மேல் மீட்டுக் கொடுத்திருந்தான். திரும்பி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: இனி எந்த வெளியீடும் அவன் கண்ணால், அவன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடிப் பார்க்காமல் போகாது. அவள் சொல்லை மட்டும் வைத்து எதுவும் போகாது. அவள் ஒப்புக்கொண்டாள்.

தாலுனாஸில் புது ஹார்ன் வேண்டுமா என்று கூட்டம் போட்டார்கள். வேண்டும் என்றே முடிவாயிற்று. அதோடு, புயல் எச்சரிக்கை வந்தால் ஹார்ன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு பேர் ஓடையோரம் முறைபோட்டு நிற்பது என்றும்.

அடுத்த புயல் செப்டம்பரில் வந்தது. சாலையை மூடுவதற்கு முன்னாலேயே யுன்ரு மேலே போய்விட்டாள். காவல் பட்டியலில் தன் பெயரை எழுதச் சொன்னாள். அபுஸ், "இவளா? இவ ஓடறப்ப நாலு தடவை விழுவா" என்றாள். "ரெண்டு தடவைதான்" என்றாள் யுன்ரு. மூன்றாவது காவல்முறை அவளுக்கும் இபுவுக்கும் வந்தது, மதியம் இரண்டு முதல் நான்கு வரை.

மேல்வளைவில் ஒரு பாறைக்கு மேலே இருவரும் நின்றார்கள். மழை கண்ணை மறைத்தது. இபு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். யுன்ருவின் பற்கள் தந்தியடித்தன. ஓடை பழுப்பாகப் பொங்கி ஓடியது, இரைந்தது, அவள் அந்த இரைச்சலின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் கேட்டுக்கொண்டு, விசிலை உதட்டில் வைத்தபடி நின்றாள்.